இறால் ஓடும் மூட்டு வலியும்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் தாயார் கையில் ஒரு மாத்திரை அட்டையுடன் என் மேசையருகில் வந்து நின்றார். "ஏம்பா, இந்த மாத்திரையை இன்னும் எத்தனை மாசம் சாப்பிடணும்?" என்று கேட்டார். அவருக்கு வயது அறுபத்தெட்டு. மாடிப்படி ஏறும்போது வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். யாரோ சொன்னார்கள் என்று, 'மூட்டுக்கு வலு தரும்' ஒரு மாத்திரையை ஆறு மாதமாகச் சாப்பிட்டு வந்தார். மாதம் அறுநூறு ரூபாய்க்கு மேல் அதற்குச் செலவு.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். குளுக்கோசமைன் சல்பேட், காண்ட்ராய்ட்டின் சல்பேட் என்று அச்சிட்டிருந்தது. சில வாரம் கழித்து, நாய் வளர்க்கும் நண்பர் ஒருவர் வீட்டில் எலும்புத் துண்டைப் போன்ற வடிவில் நாய்க்கான மாத்திரைகளைக் கண்டேன். அதிலும் இதே இரண்டு பெயர்கள். பந்தயக் குதிரைகளுக்குத் தீவனத்துடன் கலந்து கொடுக்கும் பொடியிலும் இவையே இருப்பதைப் பிறகு அறிந்தேன். மனிதன், நாய், குதிரை ஆகிய மூவருக்கும் ஒரே நோய்; மூவருக்கும் ஒரே பொருள்.

இந்தப் பொருள் உண்மையில் பயன் தருகிறதா? நான் மருத்துவன் அல்லன், பௌதிகம் கற்பிப்பவன். ஆயினும் இந்தக் கேள்விக்கு விடை காண மனிதர்கள் எடுத்துக்கொண்ட முயற்சியில், அளவீடு என்றால் என்ன, சான்று என்றால் என்ன என்பது பற்றி மாணவர்கள் அறிய வேண்டிய பாடம் நிறைய இருக்கிறது. அதை இக்கட்டுரையில் காண்போம்.

மூட்டு ஓர் இயந்திரம்

இரு எலும்புகள் சேருமிடமே மூட்டு. முழங்காலில் தொடை எலும்பின் அடிமுனையும் கணுக்கால் பக்கத்து எலும்பின் மேல்முனையும் சந்திக்கின்றன. இம்முனைகள் ஒன்றோடொன்று நேரடியாக உராய்வதில்லை. இரண்டின் மீதும் வெண்மையான, வழவழப்பான ஒரு பூச்சு உள்ளது. அதுவே குருத்தெலும்பு. அதன் தடிப்பு சில மில்லிமீட்டர்களே. இடையில் முட்டையின் வெண்கருவைப் போன்ற கொழகொழப்பான மூட்டுத் திரவம் மசகெண்ணெய் வேலை செய்கிறது.

இந்த அமைப்பின் சிறப்பை ஓர் எண்ணால் உணரலாம். பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி சறுக்கும்போது உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.03. எண்ணெயிட்ட உருக்கின் மேல் உருக்கு உரசினால் அது சுமார் 0.1. நல்ல நிலையிலுள்ள மூட்டிலோ உராய்வுக் குணகம் 0.01க்கும் கீழே போய்விடும். எழுபது எண்பது ஆண்டுகள் இடைவிடாமல் உழைத்தும் இந்த வழவழப்பு நிற்கவேண்டும்.

உழைப்பும் சாதாரணமானதன்று. சமதரையில் நடக்கும்போதே முழங்காலின் மீது உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை அழுத்துகிறது. 'எடை ஒரு மடங்குதானே, விசை எப்படி மூன்று மடங்காயிற்று?' என்று மாணவர் கேட்கலாம். நெம்புகோலை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டு மடங்காமல் உடலைத் தாங்குவதற்குத் தசைகள் மூட்டுக்கு மிக அருகில் இருந்து இழுக்கின்றன. சுமைக்கும் மூட்டுக்கும் உள்ள தூரத்தைவிடத் தசைக்கும் மூட்டுக்கும் உள்ள தூரம் குறைவு. ஆகவே தசை அதிக விசையுடன் இழுக்கவேண்டும். அந்த இழுவிசையும் மூட்டின் மீதே விழுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் 120 முதல் 180 கிலோ வரை சுமக்கிறது என்பது இதன் பொருள்.

குதிரையின் நிலை இன்னும் கடினம். அதன் உடல் எடையில் நூற்றுக்கு 60 பங்கை முன்னங்கால்களே தாங்குகின்றன. 500 கிலோ எடையுள்ள குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது, ஒரு முன்னங்கால் தரையில் ஊன்றும் கணத்தில் அதன் மீது உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு விசை, அதாவது 1,250 கிலோவின் சுமை விழுகிறது. குதிரைகளுக்கு மூட்டு நோய் மிகுதியாக வருவதில் வியப்பில்லை.

நீர் நிறைந்த மெத்தை

குருத்தெலும்பு இவ்வளவு அழுத்தத்தை எவ்வாறு தாங்குகிறது? அதன் எடையில் நூற்றுக்கு 65 முதல் 80 பங்கு வெறும் நீர். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் நார்ப்புரதம். இந்நார்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. வலையின் கண்களுக்குள் பாட்டில் கழுவும் தூரிகையைப் போன்ற பெரிய மூலக்கூறுகள் அடைபட்டுள்ளன. தூரிகையின் நடுக்கம்பி ஒரு புரதம். அதன் மயிர்கள் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். அச்சங்கிலிகளில் முக்கியமானதே காண்ட்ராய்ட்டின் சல்பேட்.

இச்சங்கிலிகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. எனவே அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. சோடியம் போன்ற நேர்மின் அயனிகளைத் தம்மிடம் இழுத்து வைத்துக்கொள்கின்றன. அயனிகள் மிகுந்த இடத்திற்குச் சவ்வூடு பரவலால் நீர் பாய்ந்து வருகிறது. இதனால் குருத்தெலும்புக்குள் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வளிமண்டல அழுத்தம் எப்போதும் நிலவுகிறது. வீங்க முயலும் நீரை நார்வலை கட்டிப்பிடித்து வைத்திருக்கிறது. காற்றடைத்த மிதிவண்டிச் சக்கரத்தில் குழாயும் டயரும் செய்யும் வேலையை இங்கே நீரும் நாரும் செய்கின்றன.

ஆனால் குருத்தெலும்புக்கு ஒரு பெருங்குறை உண்டு. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை, நரம்புகளும் இல்லை. நாம் காலை ஊன்றும்போது பஞ்சைப் பிழிவதுபோல் அதிலிருந்து நீர் வெளியேறுகிறது. காலைத் தூக்கும்போது மூட்டுத் திரவத்திலிருந்து நீரும் உணவும் உள்ளே ஊறுகின்றன. அதற்கு உணவு கிடைப்பது இவ்வழியில்தான். தோலில் வெட்டுப்பட்டால் சில நாட்களில் ஆறிவிடுகிறது. குருத்தெலும்பு கிழிந்தால் எளிதில் ஆறுவதில்லை. அதில் உள்ள உயிரணுக்கள் சிலவே. இரத்தமோ வந்து சேருவதில்லை.

வயது, மிகை எடை, பழைய காயம், பரம்பரை இவற்றால் நார்வலை தளர்கிறது. தூரிகை மூலக்கூறுகள் சிதைகின்றன. எலும்பின் ஓரங்களில் முள்போன்ற வளர்ச்சிகள் தோன்றுகின்றன. மூட்டு உறை அழற்சி கொள்கிறது. இதுவே மூட்டுத் தேய்வு நோய். முடக்கு வாதம் என்பது வேறு. அது உடலின் நோய்த்தடுப்பு அமைப்பே மூட்டைத் தாக்குவதால் வருவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

செங்கல்லைத் தின்றால் சுவர் எழும்புமா?

குளுக்கோசமைன் என்பது ஒரு சர்க்கரை. நமக்கு நன்கு தெரிந்த குளுக்கோஸ் மூலக்கூறில் இரண்டாம் கரியணுவின் மீதுள்ள ஹைட்ராக்சில் தொகுதியை எடுத்துவிட்டு, ஓர் அமினோ தொகுதியை வைத்தால் குளுக்கோசமைன் கிடைக்கும். 1876ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கேயார்க் லெடர்ஹோஸ் இதனை முதன்முதலில் பிரித்தெடுத்தார். நண்டு, இறால் போன்றவற்றின் ஓட்டில் உள்ள கைட்டின் என்ற பொருளை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தபோது இது கிடைத்தது. இன்றும் பெரும்பாலும் இந்த முறையில்தான் தயாரிக்கிறார்கள். நாம் உரித்து எறியும் இறால் ஓடுதான் மூலப்பொருள். காண்ட்ராய்ட்டின் பெரும்பாலும் மாட்டின் மூச்சுக்குழல், பன்றி, சுறா ஆகியவற்றின் குருத்தெலும்பிலிருந்து எடுக்கப்படுகிறது.

குருத்தெலும்பின் சர்க்கரைச் சங்கிலிகளைக் கட்ட உடலுக்குக் குளுக்கோசமைன் தேவை. 'சுவர் இடிந்துவிட்டது, எனவே செங்கல்லை வாய்வழியாகக் கொடுப்போம்' என்பதே இம்மருந்துகளின் பின்னுள்ள எண்ணம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிறது. 1997இல் அமெரிக்காவில் ஜேசன் தியோடசாகிஸ் என்ற மருத்துவர் எழுதிய ஒரு நூல் இதை நாடெங்கும் பரப்பியது. அதற்கு முன்னரே, 1994இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, இத்தகைய பொருள்களை 'உணவுத் துணைப்பொருள்' என்று விற்பவர், பயன் உண்டு என்பதை முன்கூட்டி மெய்ப்பித்துக் காட்டத் தேவையில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலோ குளுக்கோசமைன் சல்பேட் ஒரு மருந்தாகவே பதிவு பெற்றது.

ஆனால் இந்த எண்ணத்தில் சில இடைவெளிகள் உள்ளன. முதலாவது, உடல் தனக்கு வேண்டிய குளுக்கோசமைனைக் குளுக்கோசிலிருந்து தானே செய்துகொள்கிறது. செங்கல் தட்டுப்பாடு இல்லாத ஊரில் மேலும் செங்கல் இறக்குவதால் சுவர் எழும்பிவிடாது, கொத்தனார் வேண்டும். தேய்ந்த மூட்டில் நலிந்துபோனவர் அந்தக் கொத்தனாரே, அதாவது குருத்தெலும்பின் உயிரணு.

இரண்டாவது, வாயில் போட்டது மூட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இதைக் குதிரைகளில் அளந்து பார்த்தார்கள். குதிரையின் வாய்வழியே கொடுத்த குளுக்கோசமைனில் நூற்றுக்குச் சுமார் ஆறு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் இரத்தத்தை அடைந்தது. 500 கிலோ குதிரைக்குப் பத்து கிராம் கொடுத்தால், இரத்தத்தில் சேர்வது அரை கிராம் அளவே. மூட்டுத் திரவத்தை எட்டியது அதிலும் சொற்பம். ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டுகளில் வைத்த குருத்தெலும்புத் துண்டுகளில் நற்பயன் காட்டிய செறிவு, இதைப்போல் பல நூறு மடங்கு. தட்டில் வென்ற மருந்து உடலில் தோற்பதற்கு இது ஒரு காரணம்.

ஆயினும் இவை அனைத்தும் வாதங்களே. வாதத்தால் மட்டும் எதையும் தள்ளிவிடக் கூடாது. எவ்வாறு வேலை செய்கிறது என்று தெரியாமலேயே பல மருந்துகள் வேலை செய்திருக்கின்றன. சோதித்துப் பார்ப்பதே வழி.

போலி மாத்திரையின் ஆற்றல்

எவ்வாறு சோதிப்பது? நூறு பேருக்கு மாத்திரை கொடுத்து, 'வலி குறைந்ததா?' என்று கேட்டால் போதுமா? போதாது. மூட்டுத் தேய்வின் வலி ஏறி இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் மருந்தைத் தேடுகிறார். உச்சத்திற்குப் பிறகு எதுவும் செய்யாவிட்டாலும் வலி சற்றுத் தணியத்தான் செய்யும். தணிந்த பெருமை அப்போது கையில் இருந்த மாத்திரைக்குப் போய்விடும். நம்பிக்கையும் வலியைக் குறைக்கிறது.

எனவே நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உண்மை மாத்திரையும், மற்றப் பகுதியினருக்கு அதேபோலத் தோன்றும் போலி மாத்திரையும் கொடுக்கிறார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. இதுவே இரு தரப்பும் அறியாச் சோதனை.

அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார நிறுவனங்களின் ஆதரவில் இவ்வாறு ஒரு பெரிய சோதனை நடந்தது. அதன் முடிவுகள் 2006இல் வெளியாயின. முழங்கால் தேய்வுள்ள 1,583 பேர் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு நாள்தோறும் 1,500 மில்லிகிராம் குளுக்கோசமைன், இரண்டாம் குழுவுக்கு 1,200 மில்லிகிராம் காண்ட்ராய்ட்டின், மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்குச் செலகாக்சிப் என்ற வலிநீக்கி மருந்து, ஐந்தாவதற்குப் போலி மாத்திரை. 24 வாரங்களுக்குப் பின், வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கிட்டார்கள்.

குளுக்கோசமைன் குழுவில் நூற்றுக்கு 64.0 பேர். காண்ட்ராய்ட்டின் குழுவில் 65.4. இரண்டும் சேர்த்து உண்டவரில் 66.6. செலகாக்சிப் குழுவில் 70.1. இதுவரை படித்தால் நல்ல மருந்துகள்தாம் என்று தோன்றும். ஆனால் போலி மாத்திரை உண்டவர்களில் 60.1 பேருக்கு வலி குறைந்திருந்தது! செலகாக்சிப் மட்டுமே தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்குப் போலி மாத்திரையை மிஞ்சியது. ஐந்தாம் எண் இல்லாவிட்டால் முதல் நான்கு எண்களுக்கும் பொருளே இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

இச்சோதனையில் ஒரு சிறு வெளிச்சமும் இருந்தது. வலி மிகுதியாக இருந்த 354 பேரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, இரண்டு பொருளையும் சேர்த்து உண்டவரில் நூற்றுக்கு 79.2 பேரும், போலி மாத்திரை உண்டவரில் 54.3 பேரும் குணம் கண்டிருந்தனர். 'பார்த்தீர்களா, கடும் வலிக்கு இது கேட்கிறது' என்று பலர் சொன்னார்கள். ஆனால் 354 பேரை ஐந்து குழுவுக்குப் பங்கிட்டால் ஒரு குழுவில் எழுபது பேர்தாம். ஒரு தரவைப் பல கூறுகளாகப் பிரித்துக்கொண்டே போனால், ஏதேனும் ஒரு கூறு தற்செயலாகவும் பளிச்சிடக்கூடும். ஆகையால் இது முடிவன்று. மீண்டும் கேட்கவேண்டிய கேள்வி.

மீண்டும் கேட்டார்கள். ஐரோப்பாவில் நான்கு நாடுகளில், கடும் வலியுள்ள 606 பேரிடம் நடந்த ஒரு சோதனையில், இந்தக் கூட்டு மருந்து ஆறு மாதத்தில் செலகாக்சிப்புக்குச் சமமாக நின்றது. ஆனால் அதில் போலி மாத்திரைக் குழு இல்லை. இரு குதிரைகள் சேர்ந்து ஓடின. இரண்டும் எவ்வளவு வேகமாக ஓடின என்று அளக்கக் கடிகாரம் இல்லை. பிறகு ஸ்பெயினில் 164 பேரிடம் போலி மாத்திரையுடன் ஒப்பிட்டுச் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். கூட்டு மருந்து உண்டவர்களுக்கு வலி நூற்றுக்கு 19 பங்கு குறைந்தது. போலி மாத்திரை உண்டவர்களுக்கு 33 பங்கு குறைந்தது! சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

வலியை விட்டு, குருத்தெலும்பின் தேய்மானத்தையே அளந்தால் என்ன? 2001இல் பெல்ஜியத்தில் 212 பேரிடம் மூன்றாண்டுகள் நடந்த ஆய்வில் அவ்வாறே செய்தார்கள். எக்ஸ்-கதிர்ப் படத்தில் இரு எலும்புகளுக்கிடையே உள்ள இடைவெளி, போலி மாத்திரை உண்டவரில் சராசரியாக 0.31 மில்லிமீட்டர் குறைந்தது. குளுக்கோசமைன் சல்பேட் உண்டவரில் 0.06 மட்டுமே. இந்த முடிவு பெரும் நம்பிக்கையை ஊட்டியது. ஆனால் பௌதிக ஆய்வுக்கூடத்தில் பழகிய கண் உடனே ஒன்றைக் கேட்கும். அளக்கும் வித்தியாசம் கால் மில்லிமீட்டர். அளக்கப்படும் பொருளோ நிற்கும் மனிதனின் முழங்கால். கால் சற்றே மடங்கினாலும் படத்தில் இடைவெளி மாறும். வலி குறைந்தவர் காலை நன்றாக நீட்டி நிற்பார். வலி உள்ளவர் நீட்டமாட்டார். 2006இல் முடிவு வந்த அமெரிக்கச் சோதனையில் ஒரு பகுதியினரை இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, தேய்மானத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை.

2010இல் பத்துச் சோதனைகளை, 3,803 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தார்கள். இப்பொருள்களால் நோயாளி உணரத்தக்க பயன் இல்லை என்பதே முடிவு. தயாரிப்பாளரின் பொருளுதவியுடன் நடந்த சோதனைகளில் பயன் பெரிதாகவும், மற்றவற்றில் சிறிதாகவும் காணப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது. 2019இல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் கல்லூரி வெளியிட்ட நெறிமுறைகள், முழங்கால் தேய்வுக்கு இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அழுத்தமாகவே கூறுகின்றன.

நாய் பொய் சொல்லாது, ஆனால்...

'மனிதனுக்கு நம்பிக்கை உண்டு. நாய்க்குப் போலி மாத்திரை என்றால் என்ன தெரியும்? நாய்க்குக் குணமானால் அது உண்மைக் குணம்தானே?' இது நல்ல கேள்வி. என் நண்பரும் இதையே கேட்டார்.

விடை வேடிக்கையானது. நாய் ஏமாறாது, நாயைப் பார்ப்பவர் ஏமாறுவார். 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. மூட்டுத் தேய்வால் நொண்டிய, போலி மாத்திரை மட்டுமே கொடுக்கப்பட்ட 58 நாய்களை எடுத்துக்கொண்டார்கள். தரையில் பதித்த விசைத் தட்டின் மீது அவற்றை நடக்கவிட்டு, ஒவ்வொரு காலும் தரையை எவ்வளவு விசையுடன் அழுத்துகிறது என்று அளந்தார்கள். வலியுள்ள காலை நாய் மெல்ல ஊன்றும். வலி குறைந்தால் அழுத்தி ஊன்றும். இதில் கருத்துக்கு இடமில்லை, எண் மட்டுமே. 58இல் 46 நாய்களுக்கு மாற்றமே இல்லை. 7 தேறின, 5 மோசமாயின. ஆனால் நூற்றுக்குச் சுமார் 40 நேரங்களில் வளர்ப்பவர்களும், 45 நேரங்களில் கால்நடை மருத்துவர்களும், விசைத் தட்டு காணாத குணத்தைக் கண்டார்கள்! அன்பு உள்ளவரின் கண் நலத்தையே தேடுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை அளவுகோலாகக் கொள்ள முடியாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நாய்களுக்கான ஆய்வுகளைப் படிக்கவேண்டும். 2007இல் 35 நாய்களிடம் நடந்த ஓர் ஆய்வில், குளுக்கோசமைன்-காண்ட்ராய்ட்டின் கூட்டு எழுபது நாட்களில் பயன் தந்ததாகத் தெரிந்தது. ஆனால் அங்கே மதிப்பெண் இட்டது மருத்துவரின் கண். 2003இல் கனடாவில் 71 நாய்களிடம் நடந்த ஆய்வில் விசைத் தட்டைப் பயன்படுத்தினார்கள். கார்புரோபென், மெலாக்சிகாம் என்ற வலிநீக்கி மருந்துகள் பெற்ற நாய்கள் காலை நன்கு ஊன்றின. துணைப்பொருள் பெற்ற நாய்களில் அத்தகைய முன்னேற்றம் இல்லை. 2022இல் மான்ட்ரியால் அறிஞர்கள் நாய், பூனை ஆகியவற்றுக்கான இத்தகைய ஆய்வுகள் அனைத்தையும் தொகுத்து ஆராய்ந்து, இந்தக் கூட்டை இனிப் பரிந்துரைக்க வேண்டாம் என்றார்கள். அதே தொகுப்பில் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களுக்கு நற்சான்று கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும்.

குதிரைகளின் கதையும் இதுவே. 2009இல் குதிரை ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தவர்கள், சான்றுகளின் தரம் தாழ்வானது என்று கூறினார்கள். 2014இல் நெதர்லாந்தில் 24 முதிய குதிரைகளுக்கு மூன்று மாதம் இத்தகைய கலவையைக் கொடுத்து, அவற்றின் நடையை அளந்தார்கள். விறைப்பு குறையவில்லை. இன்னொரு செய்தி இன்னும் கவலை தருவது. 2006இல் குதிரைகளுக்காக விற்பனையான 23 பொருள்களை வாங்கிச் சோதித்ததில், ஒன்பதில் குளுக்கோசமைன் சீட்டில் அச்சிட்ட அளவைவிடக் குறைவாக இருந்தது. குதிரைக்காரர் பொடியை நம்பி அடுத்த பந்தயத்திற்கு அனுப்புகிறார். நோயுற்ற மூட்டின் மீது மீண்டும் ஆயிரம் கிலோவுக்கு மேல் சுமை விழுகிறது. வீண் செலவு மட்டுமல்ல, வீண் நம்பிக்கையும் தீங்கு செய்யும்.

உண்மையில் பயன் தருவது எது?

மருந்தைக் குறை சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது நியாயமன்று. நெம்புகோல் கணக்குக்கே திரும்புவோம். அமெரிக்காவில் முழங்கால் தேய்வுள்ள, எடை மிகுந்த முதியவர்கள் 142 பேரை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவு இது: உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதுள்ள சுமை நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தவருக்கு அடிக்கு இருபது கிலோ. ஒரு கால் நாளொன்றுக்கு 1,500 தடவை ஊன்றினால், அந்த முழங்கால் அன்று சுமக்காமல் விட்ட சுமை 30,000 கிலோ, அதாவது முப்பது டன். எந்த மாத்திரைக்கும் இந்தக் கணக்கு இல்லை.

நாய்களிலும் இது மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. லாப்ரடார் இனக் குட்டிகள் 48ஐ இரண்டிரண்டாக இணைத்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட நூற்றுக்கு 25 பங்கு குறைவாக உணவளித்து, ஆயுள் முழுதும் கவனித்தார்கள். 2002இல் முடிவு வெளியாயிற்று. நிறைய உண்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, அளவாக உண்டவற்றுக்கு 13.0 ஆண்டு. அளவாக உண்ட நாய்களுக்கு மூட்டுத் தேய்வும் மிகப் பிந்தியே வந்தது.

அடுத்தது உடற்பயிற்சி. 'வலிக்கிறது, எனவே அசையாமல் இருப்போம்' என்று நினைப்பது இயல்பு. ஆனால் குருத்தெலும்புக்கு உணவு, பஞ்சு பிழிந்து ஊறுவது போன்ற அசைவால்தான் கிடைக்கிறது என்று கண்டோம். அன்றியும் தொடையின் முன்பக்கத் தசை வலுவாக இருந்தால், அது அதிர்வைத் தான் வாங்கிக்கொண்டு மூட்டைக் காக்கிறது. நாற்காலியில் அமர்ந்து காலை மெல்ல நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி, இறக்குவது எளிய பயிற்சி. சமதரையில் நடப்பதும் நல்லது. நாய்க்கும் குதிரைக்கும் ஒழுங்கான, மிதமான நடையே ஏற்றது. வலி மிகுந்தால் மருத்துவரைக் கேட்டு வலிநீக்கி மருந்து கொள்ளலாம்.

சில எச்சரிக்கைகளும் தேவை. குளுக்கோசமைன் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. ஆயினும் இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடக்கூடாது. இரத்தக் கசிவு நேரலாம். இறால், நண்டு ஒவ்வாதவர்களும் கவனமாக இருக்கவேண்டும். மனிதருக்கான வலி மாத்திரைகளை நாய், பூனைகளுக்கு ஒருபோதும் கொடுக்கக்கூடாது. இபுபுரோபென் நாய்களுக்கும், பாரசிட்டமால் சிறப்பாகப் பூனைகளுக்கும் நஞ்சாகும்.

இவற்றையெல்லாம் என் தாயாரிடம் எளிய சொற்களில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ எனக்கு வலி குறைஞ்சது பொய்யா?" என்றார். பொய்யன்று. நூற்றுக்கு அறுபது பேருக்குப் போலி மாத்திரையிலேயே குறைந்த வலி அது. உண்மையாகவே குறைந்த வலி. குறைத்தது இறால் ஓடு அன்று என்பது மட்டுமே செய்தி. அவருடைய மருத்துவரையும் கேட்டுக்கொண்டு, மூன்று மாதம் நிறுத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். மாத்திரை சாப்பிட்ட அதே காலை வேளையில் நாற்காலிப் பயிற்சி. மாலையில் தெருக்கோடி வரை நடை. நானும் உடன் போகிறேன்.

மூன்று மாதம் முடிந்துவிட்டது. முழங்கால் முன்னிருந்ததைவிட மோசமாகவில்லை. சில நாட்களில் நன்றாகவே இருக்கிறது என்கிறார். ஒருவரிடம் செய்து பார்த்தது சான்றாகாது என்பதை இக்கட்டுரையைப் படித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாதம் அறுநூறு ரூபாய் மிஞ்சுகிறது என்பது மட்டும் சோதனை தேவைப்படாத உண்மை.